பிரிஸ்கா சொன்ன திருத்தங்கள்

நவம்பர் 4, திங்கள்

டைரி எழுதும் பழக்கத்தை விட்டுத் தொலைத்து வெகுநாளாகிறது. இன்றைக்கு மறுபடி எடுத்ததற்குக் காரணம், ஒரு விஷயத்தை யாரிடமும் மூச்சுவிடக்கூடாது என்று எனக்கு உத்தரவு. சொல்லாமலிருந்தால் வயிறு வெடித்துவிடும். காகிதத்துக்கு வாய் கிடையாது, அதனால் இங்கே சொல்லிக்கொள்கிறேன். வெஸ்லி சார் என்னைக் கல்யாணம் செய்துகொள்ளக் கேட்டுவிட்டார்.

நேற்று ஆராதனை முடிந்து வந்து, முன்னறையில் கம்ப்யூட்டரைப் போட்டு உட்கார்ந்திருந்தேன். முன்னறைதான் என் கடை. கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து பேனர், கண்ணீர் அஞ்சலி போஸ்டர், பாளையங்கோட்டையில் இந்தத் தெருவில் யார் பிறந்தாலும் செத்தாலும் பியூலாவின் போட்டோஷாப் வழியாகத்தான் போக வேண்டும். செத்துப்போன ஒரு பெரியவரின் தலைக்குப் பின்னால் ஒளிவட்டம் வைத்துக்கொண்டிருந்த நேரத்தில் வெஸ்லி சார் வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார். சர்ச் பாடகர் குழுவில் அவர் பேஸ், ஆண்களின் கீழ்க்குரல்; நான் ஆல்ட்டோ, பெண்களின் கீழ்க்குரல். பள்ளிக்கூடத்தில் இயற்பியல் வாத்தியார். அவர் மனைவி ஷீலா போய் நாலு வருஷம் ஆகிறது.

“பியூலா, நமக்கும் வயசாயிட்டு. சுத்தி வளச்சுப் பேச எனக்குத் தெரியாது. என்னக் கட்டிக்கிடுதியா?”

அதுவரைக்கும் ‘நீங்க’ போட்டுப் பேசியவர். எனக்குப் பெரியவரின் ஒளிவட்டம் கண்ணில் சுற்றியது. யோசித்துச் சொல்கிறேன் என்றேன். சரி என்று எழுந்து போனார். கேட்டைத் திறக்கிற சத்தம் கேட்டதும் ஓடிப்போய், “யோசிச்சிட்டேன்” என்றேன். வெட்கங்கெட்டவள்.

ஜனவரியில் கல்யாணம். அவருக்கு இரண்டாவது என்பதால் மண்டபம் கிடையாது, பத்திரிகை கிடையாது. கிறிஸ்துமஸுக்கு ஒரு வாழ்த்து அட்டை, அந்தக் காலத்து மோஸ்தரில், அவரும் நானும் அவர் மகள் பிரிஸ்காவும் நிற்கிற மாதிரி. கீழே சின்ன எழுத்தில் கல்யாணத் தேதி. அந்த அட்டையை சர்ச்சிலும் சொந்தக்காரர்களுக்கும் கொடுத்துவிட்டால் எல்லாருக்கும் தெரிந்துபோகும்.

“அதுவரைக்கும் யாருக்கும் தெரிய வேண்டாம். முக்கியமா ரூபி அக்காவுக்கு.”

ரூபி அக்கா பக்கத்து வீடு. அவளிடம் சொல்வதும் சர்ச் மைக்கில் சொல்வதும் ஒன்று. சொல்ல மாட்டேன்.

நவம்பர் 9, சனி

எத்தனை பேருடைய கல்யாணத்துக்கு டிசைன் போட்டிருக்கிறேன்! என் சொந்த வேலை என்றதும் ஃபைலை மூன்று தடவை திறந்து மூன்று தடவையும் மூடிவிட்டேன்.

பழைய அட்டை என்றால் சும்மா பழுப்பு நிறம் பூசிவிட்டால் போதும் என்று இந்தக் காலத்துப் பிள்ளைகள் நினைக்கிறார்கள். போதாது. முதலில் தாள் வேண்டும். வெள்ளைத் தாளைக் கடுங்காப்பியில் முக்கி, மொட்டை மாடியில் காயப்போட்டு, சுருங்கியதும் ஸ்கேன் செய்தேன். கறுப்பு சார்ட்டில் கோதுமை மாவை ஊதி அதைப் போட்டோ எடுத்தேன். அதை மேலே மெலிசாகப் போட்டால் அசல் ஸ்டூடியோத் தூசி. பின்னால் வரைந்த திரை, ஒரு தூண், ஒரு பூச்சாடி. ஓரத்தை வளைவு வளைவாக வெட்டினேன். எழுத்தும் பழைய எழுத்துதான், ‘லை’க்கு முன்னால் யானைத் தும்பிக்கை மாதிரிக் கொம்பு வைத்தது.

ஆள்கள்தான் பிரச்சினை. மூன்று பேரும் ஒன்றாக நின்றால் ஊருக்குத் தெரிந்துவிடும். அவர் வீட்டில் நாற்காலியில் உட்கார்ந்து அவராகவே எடுத்து அனுப்பினார். பிரிஸ்கா மதுரையில் ஹாஸ்டலில் இருந்து நர்சிங் படிக்கிறாள். அவளிடமிருந்து ஒரு படம் வாங்கி அனுப்பினார். நான் நல்ல சேலையாகக் கட்டிக்கொண்டு, என் வீட்டு நாற்காலியின் முதுகில் கை வைத்து, செல்போனை ஜன்னலில் சாய்த்து டைமரில் எடுத்துக்கொண்டேன். காலியான நாற்காலிக்குப் பக்கத்தில் நின்று சிரிப்பது எவ்வளவு கஷ்டம் என்று அப்போதுதான் தெரிந்தது.

சாயங்காலம் ரூபி அக்கா எட்டிப் பார்த்து, “ஏட்டி, யாரு செத்தா? சேலையெல்லாம் கட்டியிருக்க?” என்றாள். பேங்க் வரை போய்வந்தேன் என்று சமாளித்தேன்.

நவம்பர் 11, திங்கள்

முடித்துவிட்டேன். நானே சொல்லக்கூடாது, ஆனால் வேறு யார் சொல்லுவார்கள்? அவ்வளவு நன்றாக வந்திருக்கிறது. மூன்று பேர் மேலும் ஒரே பக்கத்திலிருந்து வெளிச்சம் விழுகிறது. நிழலை எல்லாம் துடைத்துப் புதிதாகப் போட்டேன். கன்னத்தில் அந்தக் காலத்தில் கையால் பூசுவார்களே, அந்த ரோஸ் கலர். என் கை அவர் நாற்காலியின் மேல் இருக்கிறது. பிறந்ததிலிருந்து அங்கேயே இருந்த கை மாதிரி.

அவர் வந்து பார்த்தார். 

“நெசமாவே ஒரே வீட்டு ஆளுங்க மாதிரி இருக்கோம், என்ன?” என்றார்.

பிரிஸ்காவுக்கு அனுப்பிக் கேட்டுச் சொல்கிறேன் என்று வாங்கிக்கொண்டு போனார். அவர் குடித்த டம்ளரைக் கழுவாமல் வைத்திருக்கிறேன். நாளைக்குக் கழுவிக்கொள்ளலாம்.

நவம்பர் 14, வியாழன்

முதல் திருத்தம் வந்தது. போனில் சொன்னார்.

“ஒண்ணுமில்ல பியூலா, பிரிஸ்கா சொல்லுதா, ஆன்ட்டி அப்பாவவிட உசரமாத் தெரியுதாங்களாம். கொஞ்சம் சின்னதாக்கணுமாம்.”

உட்கார்ந்திருக்கிறவரைவிட நிற்கிறவள் உயரமாகத்தான் தெரிவாள். இயற்பியல் வாத்தியாருக்கு இதைச் சொல்லவா வேண்டும்? ஆனால் பெண் தாயை இழந்தவள். படத்தில் இன்னொருத்தி ஓங்கி நிற்பதைப் பார்த்தால் மனசு எப்படி இருக்கும்? நானே பிரிஸ்காவிடம் பேசட்டுமா என்றேன்.

“வேண்டாம் வேண்டாம். புள்ள இன்னும் தேறல. நீ நேரடியாப் பேசுனா பயந்துரும். எங்கிட்ட சொல்லட்டும், நான் உங்கிட்ட சொல்லுதேன்.”

எவ்வளவு பொறுப்பான தகப்பன்! என்னைக் குறைத்தேன். அளவில் பார்த்தால் அதுதான் சரி, நடுவில் இருக்கிறவர் மேல்தான் கண் போக வேண்டும்.

நவம்பர் 18, திங்கள்

பகலெல்லாம் கரண்ட் இல்லை. இட்லி மாவு பொங்கி வழிந்து ஷெல்ஃப் முழுக்கக் கூத்து.

நவம்பர் 20, புதன்

இரண்டாவது திருத்தம். என் முகம் ரொம்பத் தெளிவாக இருக்கிறதாம். பிரிஸ்காவுக்குச் சங்கடமாக இருக்கிறதாம்.

“பழைய படத்துல பொம்பளைங்க முகம் கொஞ்சம் மங்கலாத்தான இருக்கும்?” என்றார்.

இதில் அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. அந்தக் காலத்து காமிராவில் அசையாமல் நிற்க வேண்டும், ஆள் லேசாக அசைந்தாலும் முகம் கலங்கிவிடும். கலக்கினேன். இப்போது சித்திரத்துப் பெண் மாதிரி இருக்கிறேன். மூக்கு இருக்கிற இடம் மட்டும்தான் தெரிகிறது, வயது தெரியவில்லை. நல்லதுதான்.

வீட்டுக்கு வெள்ளையடிக்க ஆள் சொல்லியிருந்தேன், வரவில்லை. வாசலில் கட்டுகிற பழைய கிறிஸ்துமஸ் ஸ்டாரைப் பரணிலிருந்து இறக்கினேன். ஒரு முனையை எலி கடித்திருக்கிறது.

நவம்பர் 24, ஞாயிறு

பாட்டுப் பயிற்சி. அவர் பேஸ் வரிசையில் உட்கார்ந்து ஒருதடவைகூட என் பக்கம் திரும்பவில்லை. நான் தப்பான இடத்தில் ஆரம்பித்தபோதுகூட. மற்ற எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். நடிப்பில் கெட்டிக்காரர். என்னால் முடியவில்லை, பாட்டுப் புத்தகத்துக்கு மேலாகப் பார்த்துக்கொண்டேதான் இருந்தேன்.

ராத்திரி போனில் பேசினார். தன் அண்ணனைப் பார்க்கச் சென்னைக்குப் போகிறாராம். பிரிஸ்காவின் பெரியப்பா. கல்யாண விஷயத்தை நேரில் சொன்னால்தான் மரியாதை என்றார். அதுவும் சரிதான்.

நவம்பர் 28, வியாழன்

சென்னையிலிருந்து போன். அட்டையின் கீழே என் பெயரை எடுத்துவிட்டு இடத்தை வெறுமையாக விடச் சொன்னார்.

“பேரு, தேதி எல்லாம் பிரஸ்லயே போட்டுக்கிடுவாங்க பியூலா. தேதி மாறுனாலும் மாறும்.”

தேதி மாறலாம். என் பெயர் எப்படி மாறும்? கேட்க நினைத்தேன், கேட்கவில்லை. வேறு யாருடைய அட்டையாகவாவது இருந்தால் டிசைனராக என்ன சொல்வேன்? ‘ஒரே ஆள் எழுத்தைச் சேர்த்துப் போட்டால்தான் வரிசை சரியாக இருக்கும்’ என்பேன். அதுதான் காரணமாக இருக்கும்.

பெரியப்பா என்ன சொன்னார் என்று கேட்டேன். “சந்தோஷப்பட்டாங்க” என்றார்.

டிசம்பர் 3, செவ்வாய்

இன்று என் கொள்கையை விட்டுக்கொடுத்தேன்.

இந்தத் தொழிலில் நான் ஒருவருக்கும் லேயர் ஃபைல் கொடுத்ததில்லை. லேயர் என்றால் கண்ணாடித் தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியது மாதிரி. ஒன்றில் திரை, ஒன்றில் நாற்காலி, ஒன்றில் ஆள். எல்லாவற்றையும் ஒட்டிச் சேர்த்துப் படமாகத்தான் கொடுப்பேன். திறந்த ஃபைலைக் கொடுத்தால், எவன் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் உருவிவிட்டு வேறொன்றைச் சொருகலாம். மாமன் மச்சான் என்று கெஞ்சினவனுக்கும் கொடுத்ததில்லை.

“பிரஸ்காரன் கலர சரிபண்ணணும்ங்கான். உன் லேயர் ஃபைல அப்படியே குடுத்துரு. எங்கிட்டக் கூடவா யோசிக்கிற?”

 மானம் போகிற கேள்வி. பென் டிரைவில் போட்டுக் கொடுத்தேன். வாங்கிப் பையில் போட்டுக்கொண்டார், உட்காரக்கூட இல்லை.

ஓலை விஷயம் கேட்டேன். எங்கள் சர்ச்சில் கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு பெண் மாப்பிள்ளை பெயரை வாசித்து, தடை இருந்தால் சொல்லலாம் என்பார்கள். அதற்கு நானும் வந்து கையெழுத்துப் போட வேண்டாமா என்றேன்.

“நான் குருவானவர் ஐயாகிட்ட பேசிட்டேன். ஞாயித்துக்கிழமை முதல் ஓலை வாசிப்பாங்க. நீ நல்லா டிரஸ் பண்ணிட்டு வா, போதும்” என்றார்.

கேட் வரைக்கும் போய்த் திரும்பி என்னைப் பார்த்தார். பார்வை ஒரு மாதிரியாக இருந்தது. அவருக்கும் படபடப்பு இருக்கும்தானே.

டிசம்பர் 8, ஞாயிறு

வெஸ்லி ஞானதாஸுக்கும், சென்னை சபையைச் சேர்ந்த கரோலின் செல்வமலருக்கும். முதலாம் ஓலை.

தடை உண்டானால் தெரிவிக்கலாம் என்று குருவானவர் வாசித்தார். ஒரு இருமல் சத்தம் கேட்டது. என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ரூபி அக்கா என் தொடையைக் கிள்ளி, “வெஸ்லிக்கு அடிச்ச யோகத்தப் பாத்தியா!” என்றாள். காலையில் நான்தான் அவளை இழுத்து முன் வரிசையில் உட்கார வைத்திருந்தேன். இன்றைக்கு ஒரு விஷயம் இருக்கிறது, வந்து பார் என்று சொல்லியிருந்தேன். “இதத்தான் சொன்னியா? உனக்கு முன்னமே தெரியுமா?” என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.

அடுத்த பாட்டில் ஆல்ட்டோ பாடினேன். சுதி விலகவில்லை.

டிசம்பர் 9, திங்கள்

எழுத ஒன்றுமில்லை. போன் செய்தால் எடுக்கவில்லை.

டிசம்பர் 10, செவ்வாய்

வாட்ஸப்பில் வந்தது. அப்படியே எழுதி வைக்கிறேன். “பிரிஸ்கா ஒத்துக்கிடல. எவ்வளவோ சொல்லிப் பாத்தேன். புள்ளைய விட்டுட்டு என்னால ஒரு முடிவு எடுக்க முடியாது. நீ புரிஞ்சுக்கிடுவேன்னு தெரியும். கர்த்தருடைய சித்தம்.”

கர்த்தரையும் கூப்பிட்டுக்கொண்டான்.

ஆனாலும் எனக்கு அவர்மேல் வராத கோபம் அந்தப் பெண்மேல் வந்தது. இருபத்தொரு வயதுக் கழுதை! நான் உனக்கு என்னடி செய்தேன்? நீ உயரத்தைக் குறை என்றாய், குறைத்தேன். முகத்தை மங்கலாக்கு என்றாய், மங்கலாக்கினேன். உனக்குச் சங்கடம் கூடாது என்று என்னை நானே கொஞ்சம் கொஞ்சமாக அழித்துக் கொடுத்தேனே! சென்னைக்காரி வந்தால் மட்டும் சங்கடம் இல்லையா? பகலெல்லாம் பாத்திரத்தை டமார் டமார் என்று வைத்தேன். குக்கரின் கைப்பிடி உடைந்துவிட்டது.

டிசம்பர் 11, புதன்

குருவானவர் வீட்டுக்குப் போனேன். இனி மறைக்க எனக்கு என்ன இருக்கிறது? மடிக்கணினியில் முதலில் செய்த அட்டையைத் திறந்து காட்டி எல்லாவற்றையும் சொன்னேன். நல்ல மனுஷன், பாதியில் குறுக்கிடாமல் கேட்டார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படத்தை உற்றுப் பார்த்தார்.

“இந்த போட்டோ எங்கம்மா எடுத்தது?”

“சேத்து வச்சது ஐயா. நாங்க தனித்தனியா எடுத்து...”

“யாரு சேத்தா?”

“நான்தான் ஐயா.”

அவர் கண்ணாடியைக் கழற்றினார். “தப்பா நெனச்சுக்காதீங்க பியூலா. நீங்க பொய் சொல்லுதீங்கன்னு நான் சொல்லல. ஆனா சபையில நாலு பேரு கேப்பாங்க, இது நீங்களே செஞ்ச படந்தானேன்னு. வேற ஏதாச்சும் இருக்கா? ரெண்டு பேரும் நெசமா ஒண்ணா நிக்கிற மாதிரி? யாருக்காச்சும் தெரியுமா?”

யோசித்துப் பார்த்தேன். இல்லை. ஒரு போட்டோகூட இல்லை. தெரிந்தவள் பிரிஸ்கா ஒருத்திதான், வேண்டாம் என்றவளா எனக்காக வந்து பேசுவாள்? அவர் நேரிலும் போனிலும்தான் எல்லாம் பேசினார். எழுத்தில் வந்தது அந்தக் கடைசிச் செய்தி மட்டும்தான், அதில் கல்யாணம் என்கிற வார்த்தைகூட இல்லை. யாருக்கும் தெரியக்கூடாது என்றார், ஒரு ஈ காக்கைக்குக்கூடத் தெரியாமல் பார்த்துக்கொண்டேன். அவர் எனக்குக் கொடுத்த வாக்குக்கு உலகத்தில் இருக்கிற ஒரே அத்தாட்சி, நானே உட்கார்ந்து ஒட்டின படம். அதுவும் பழசு மாதிரி தெரியவேண்டும் என்று காப்பித்தண்ணியில் முக்கி எடுத்த பொய்.

“அதோட, வாக்குக் குடுத்தத மீறுறது சட்டப்படி கல்யாணத்துக்குத் தடை இல்லம்மா” என்றார். அவர் மனைவி காப்பி கொண்டுவந்து வைத்தார். குடிக்காமல் எழுந்து வந்தேன்.

டிசம்பர் 15, ஞாயிறு

இரண்டாம் ஓலை. சர்ச்சுக்குப் போனேன். போகாவிட்டால் ஏன் வரவில்லை என்று கேட்பார்கள்.

டிசம்பர் 17, செவ்வாய்

வீடு வீடாகப் பாடிக்கொண்டு போகிற கேரல் ரவுண்ட்ஸ் எங்கள் வீட்டுக்கு வந்தது. அவரும் வந்திருந்தார், சிவப்புத் தொப்பி போட்டுக்கொண்டு கடைசியில் நின்றார். எல்லாருக்கும் கேக்கும் டீயும் கொடுத்தேன். அவருக்கும் கொடுத்தேன். “தேங்க்ஸ் சிஸ்டர்” என்றார்.

சிஸ்டராம்.

டிசம்பர் 19, வியாழன்

மத்தியானம் கேட் திறக்கிற சத்தம். பிரிஸ்கா! லீவுக்கு வந்திருக்கிறாள். முகமெல்லாம் சிவந்திருந்தது. நான் வாயைத் திறப்பதற்கு முன்னால் அவள் ஆரம்பித்துவிட்டாள்.

“ஒரே ஒரு கேள்வி கேட்டுட்டுப் போயிருதேன் ஆன்ட்டி. என்ன ஏன் உங்களுக்குப் பிடிக்கல?”

“என்னது?”

“அப்பா சொன்னாங்க. நீங்க வேண்டாம்னுட்டீங்களாம். வளந்த பிள்ளைக்கெல்லாம் சித்தியா வர முடியாதுன்னு சொன்னீங்களாம். நான் அப்படி என்ன செஞ்சேன் உங்கள? அம்மா ஆஸ்பத்திரில கெடந்தப்ப நீங்கதான எனக்குச் சோறு கொண்டுவந்தீங்க? நீங்க வாரீங்கன்னு அப்பா சொன்னப்ப நான் ஹாஸ்டல்ல எல்லாருக்கும் மிட்டாய் வாங்கிக் குடுத்தேன்!”

ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

“பிரிஸ்கா, அந்தக் கார்டுல என் உசரத்தக் குறைக்கச் சொன்னியா?”

“எந்தக் கார்டு?”

“முகத்த மங்கலாக்கச் சொன்னியா?”

“நான் கார்டே பாக்கல ஆன்ட்டி. ஒரு போட்டோ கேட்டாங்க, அனுப்புனேன். அவ்வளவுதான்.”

படத்தைத் திறந்து காட்டினேன். முதலில் செய்ததை, நான் முழு உயரத்தில், முழு முகத்தோடு நிற்பதை. அவள் குனிந்து பார்த்தாள். விரலை வைத்து, தன்னை, அப்பாவை, என்னை என்று ஒவ்வொருவராகத் தொட்டாள். பிறகு அப்படியே என் மடியில் முகத்தை வைத்து அழுதாள். ஷீலாவின் சாவுக்குக்கூட இந்தப் பெண் இப்படி அழுததில்லை.

எனக்கு அழுகை வரவில்லை. எல்லாம் தெளிவாக விளங்கிக்கொண்டே வந்தது, அதுதான் கொடுமை. என்னை வேண்டாம் என்று முடிவு செய்தவர், அதை என்னிடம் சொல்ல மகளின் வாயைக் கடன் வாங்கினார். மகளிடம் சொல்ல என் வாயைக் கடன் வாங்கினார். நடுவில் தான் மட்டும் நல்லவராக உட்கார்ந்திருந்தார். ஒரு வார்த்தை, ‘பியூலா, எனக்கு இஷ்டமில்லை’ என்று ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், இரண்டு நாள் அழுதுவிட்டு வேலையைப் பார்த்திருப்பேன். பெற்ற பிள்ளையையே கேடயமாகப் பிடித்தானே பாவி!

சென்னைப் பெண் பெரியப்பா பார்த்த இடமாம். பேங்க் மேனேஜராம். பாவம், அவளிடம் என்ன சொல்லியிருக்கிறாரோ.

பிரிஸ்காவுக்குத் தோசை சுட்டுக் கொடுத்தேன். இரண்டு சாப்பிட்டாள்.

டிசம்பர் 22, ஞாயிறு

மூன்றாம் ஓலை. நான் போகவில்லை. துணி துவைத்தேன்.

டிசம்பர் 25, புதன்

இன்று நடந்ததை ஒழுங்காக எழுதிவிட வேண்டும். நாளைக்கு ஆளாளுக்கு ஒரு மாதிரி சொல்லுவார்கள்.

விடிகாலை ஆராதனை முடிந்து வெளியே வந்தோம். வாசலில் வெஸ்லி நின்று எல்லாருக்கும் அட்டை கொடுத்துக்கொண்டிருந்தார். பிரிஸ்கா அப்பாவை மீற முடியாமல், கையில் அட்டைக் கட்டோடு பக்கத்தில் தலையைக் குனிந்து நின்றாள். எனக்கு அவர் கொடுக்கவில்லை, நானும் அந்தப் பக்கம் போகவில்லை. வேப்ப மரத்தடியில் பெண்கள் கூட்டமாக நின்று அட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ரூபி அக்கா கையைத் தட்டி என்னைக் கூப்பிட்டாள்.

“ஏட்டி, இங்க வா. மெட்ராஸ்காரியப் பாரு. அந்தக் காலத்து துரைசாணி மாதிரி எப்பிடி நிக்கா!”

பார்த்தேன். என் திரை, என் தூண், என் பூச்சாடி. நாற்காலியில் அவர். இந்தப் பக்கம் பிரிஸ்கா. அந்தப் பக்கம் நான். கழுத்து வரைக்கும் நான். கழுத்துக்கு மேலே வேறொருத்தி சிரித்துக்கொண்டிருந்தாள். நாற்காலியின் மேல் என் கை.

என் ஃபைலில் ஆளை மாற்றக்கூட அவர் மெனக்கெடவில்லை. தலையை மட்டும் எடுத்துவிட்டு வேறு தலையை வைத்திருக்கிறார்.

 பக்கத்தில், சபைக்கே சித்தியான தங்கபுஷ்பம் சித்தி சொன்னது கேட்டது. “இந்தச் சேலைய எங்கேயோ பாத்திருக்கேனே.”

“பாத்திருக்கியாவது!” ரூபி அக்கா அட்டையைப் பிடுங்கி வெளிச்சத்தில் பிடித்தாள். “இது நான் கூடப்போயி எடுத்துக் குடுத்த சேலைல்லா! இந்தா, இந்தக் கரையில அன்னம் இருக்கு பாரு. ஈஸ்டருக்கு இவ கட்டிட்டு வந்து மெழுகு சிந்திட்டுன்னு அழுதாள்லா? வாட்சப் பாரு, வலது கையில. நம்ம சபையில வலது கையில வாட்ச் கட்டுத கிறுக்கச்சி வேற யாரு?”

எல்லாரும் என் வலது கையைப் பார்த்தார்கள். பிறகு என் முகத்தை.  கூட்டம் இப்படித் திரும்புவதைக் கண்டு வெஸ்லி சிரித்துக்கொண்டே வந்தார். “ஹேப்பி கிறிஸ்துமஸ்!” என்றார்.

“ஏய்யா வெஸ்லி,” என்றாள் ரூபி அக்கா. “பொண்ணுக்குத் தலை மட்டுந்தான் மெட்ராஸா? உடம்பெல்லாம் நம்ம பாளையங்கோட்டையால்லா இருக்கு?”

ஒன்றிரண்டு பேர் சிரித்தார்கள். அவர் முகம் ஒரு நொடி செத்துப்போனது. ஒரே ஒரு நொடிதான். பிறகு அதே சிரிப்பு.

“அது ஒண்ணுமில்லக்கா. டிசைன் பண்ணதே பியூலாதான். கரோலின் அங்க இருக்கா, போட்டோவுக்கு ஆள் வேணுமேன்னு பியூலா மாடலா நின்னு குடுத்தாங்க. நம்ம சபைப் பிள்ளைல்லா, ஒரு உதவிதான?” என்று சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். அந்தப் பார்வை எனக்குத் தெரியும். எங்கிட்டக் கூடவா யோசிக்கிற என்று கேட்ட அதே பார்வை.

“அப்படியா, அதான பாத்தேன்” என்று தங்கபுஷ்பம் சித்திக்கு நிம்மதியாகிவிட்டது. நான் ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். எல்லாரும் கேக் சாப்பிடப் போய்விடுவார்கள்.

“மாடலா நிக்கல ரூபி அக்கா” என்றேன். என் குரல் எனக்கே சத்தமாகக் கேட்டது. “இவரு எங்க வீட்டுக்கு வந்து, என்னக் கட்டிக்கிடுதியான்னு கேட்டாரு. நான் சரின்னேன். அந்தக் கல்யாணத்துக்கு நான் செஞ்ச கார்டு இது. எந்தலைய வெட்டிட்டு அந்தம்மா தலைய ஒட்டியிருக்காரு.”

வெஸ்லி கோபப்படவில்லை. அதுதான் என்னைக் கொன்றது. மெதுவாக, பிள்ளைகளிடம் பேசுகிற மாதிரி, “நல்ல நாளும் அதுவுமா என்ன பேச்சு பியூலா?” என்றார். பிறகு மற்றவர்களைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தி, “தனியாவே இருக்காங்க, பாவம்” என்றார்.

பாவம்! செருப்பால் அடித்திருந்தால்கூட இப்படி வலித்திருக்காது. இரண்டு பேர் தலையைக் குனிந்துகொண்டார்கள். ஒருத்தி “சரி விடுங்க, விடுங்க” என்றாள். யார் நம்பினார்கள், யார் நம்பவில்லை என்று எனக்குத் தெரியாது, இனித் தெரியப்போவதுமில்லை.

பிரிஸ்கா கையிலிருந்த அட்டைக் கட்டை மதில்மேல் வைத்தாள். அவள் அப்பா கூப்பிடக் கூப்பிடத் திரும்பாமல் வந்து என் பக்கத்தில் நின்றாள். ரூபி அக்கா என் கையைப் பிடித்து, “வா ஏட்டி, வீட்டுக்குப் போவோம். என்ன ஒரு வார்த்த எங்கிட்ட சொல்லாம இருந்துட்ட?” என்றாள். வழியெல்லாம் திட்டிக்கொண்டே வந்தாள், என்னையும் அவரையும் மாற்றி மாற்றி. எனக்கு அது இதமாக இருந்தது.

இரண்டு பேரும் இப்போது அடுக்களையில் இருக்கிறார்கள். பிரியாணி கிளறுகிற சத்தம் கேட்கிறது. ரூபி அக்காவிடமிருந்து அட்டையை வாங்கி மேஜையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். எவனோ ஒரு கற்றுக்குட்டி செய்த வேலை. வெளிச்சம் என் உடம்பில் இடப்பக்கமிருந்து விழுகிறது, அவள் முகத்தில் வலப்பக்கமிருந்து. தலை ஒரு சுற்றுப் பெரிசு. கழுத்து ஒட்டின இடத்தில் நிறம் சேராமல் கோடு கோடாகத் தெரிகிறது. என்னிடமே வந்து, பிரிஸ்கா சொன்னாள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், அந்தத் தலையையும் நானே வைத்துக் கொடுத்திருப்பேன். கழுத்தில் கோடு தெரியாமல் கொடுத்திருப்பேன்.